கேட்கத் தெரிந்த நாற்பது வரிகள்

விருத்தாசலத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுந்தரர் இங்கே, திருமுதுகுன்றத்தில், ஈசனிடம் 12,000 பொன் பெறுகிறார். பங்குனி உத்திரத்துக்காகத் திருவாரூரில் மனைவி பரவையாரிடம் சேர்க்க வேண்டிய பொன். இதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாகிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்றும் பேச்சில் புழங்குகிறதே, அது இந்தக் கதைதான். எனக்குப் பிடித்த இடம் அதற்கு ஒரு படி முன்னால் வருகிறது. பொன்னை ஆற்றில் விடும் முன் சுந்தரர் அதில் ஒரு துணுக்கு வெட்டித் தன்னோடு வைத்துக்கொள்கிறார். மச்சம் என்று அதற்குப் பெயர். குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. மறுபடி பாடுகிறார்; மாற்று சரியாகிறது. கொடுத்தவர் தம் தோழரான தம்பிரானாகவே இருந்தும் உரைத்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

ஓரிடத்தில் நம்மை இன்னார் என்று காட்டி, வேறோரிடத்தில் காரியத்தை முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். இந்தக் கதை அளவுக்குச் சுருக்கமாக எதுவும் சொன்னதில்லை. நான் ரசித்து எழுத வந்த பொருளும் அப்படி ஓர் ஏற்பாடுதான். நாற்பது வரி ஸ்கிரிப்ட். பீங்கான் தொழிற்பேட்டைச் சரக்கை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு வியாபாரியின் கணக்கறையில், வெள்ளை மண் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதியவன் எனக்கு முன் அங்கே வேலை பார்த்த ஒரு தம்பி. இப்போது வெளியூரில் இருக்கிறான். அந்த ஸ்கிரிப்ட்டைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பராமரிக்க ஒன்றுமில்லை, அவ்வப்போது திறந்து படிக்கிறேன், அவ்வளவுதான்.

அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்திலிருந்து ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் பெட்டி பெட்டியாக லாரி ஏறுகின்றன. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஈ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இந்த நடைமுறை. 2020 அக்டோபர் 1-இல் ஈ-இன்வாய்ஸ் வந்தது. முதலில் ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடிக்கு வந்து நின்றது. எங்கள் வியாபாரி அந்தக் கடைசிப் படியில்தான் உள்ளே வந்தார். அன்றிலிருந்து வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் அரசு தளத்துக்குப் போய் 64 எழுத்துள்ள ஓர் எண்ணை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கையால் தட்டினால் நாள் போதாது. அதனால் நம் பில் புரோகிராம் அரசு சர்வரோடு நேரடியாகப் பேசுகிறது. புரோகிராமும் புரோகிராமும் பேசிக்கொள்ளும் அந்த வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர்.

அந்த வாசலில் ஒவ்வொரு பில்லுக்கும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. முதலில் ஒருமுறை நம்மைக் காட்டினால் ஒரு டோக்கன் தருகிறார்கள். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் தரும் டோக்கனை நினைத்துக்கொள்ளலாம். அதில் எந்த நாள், எந்த நேரம் என்று இருக்கும். இந்த டோக்கனுக்கு ஆயுள் 6 மணி நேரம். அதற்குள் எத்தனை பில் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆயுள் முடிந்தால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, பத்திரப்படுத்தி, தீரும் முன் புதுசு வாங்கி வைப்பது மட்டும்தான் அந்த நாற்பது வரிகளின் வேலை. பில் அனுப்புவது வேறு புரோகிராம்.

கேட்கும் முறையே ஓர் அழகு. பெயர், பாஸ்வேர்டு இரண்டோடு, அந்த நிமிடத்தில் தானே உருவாக்கிய 32 பைட் சாவி ஒன்றையும் ஸ்கிரிப்ட் சேர்க்கிறது. மூன்றையும் கட்டி, அரசு தளம் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கும் பூட்டைப் போட்டு அனுப்புகிறது. பூட்ட யாராலும் முடியும். திறக்க அவர்களிடம் மட்டும் சாவி. அவர்கள் திறந்து பார்த்து, சரியென்றால், டோக்கனைக் கொடுத்து, கூடவே ஓர் அமர்வுச் சாவியையும் நாம் அனுப்பிய 32 பைட் சாவியாலேயே பூட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிய காலத்தில் சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைப்போமே, கிட்டத்தட்ட அதேதான். பதில் வரும் உறையை நாமே தயார் செய்து கொடுத்துவிடுகிறோம். நடுவழியில் யார் பிரித்தாலும் உள்ளிருப்பது விளங்காது. தம்பி இந்த 32 பைட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறான். ஒரே சாவியை எழுதி வைத்துவிட்டு மாதக்கணக்கில் அதையே அனுப்பும் ஸ்கிரிப்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். அவையும் ஓடும். ஆனால் அதைப் படிக்கும்போது மனசு ஒட்டாது.

இனி நேரம். இந்தக் கைத்திறனின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஊரில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மண் கரைசலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் நிறைய ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் ஒரு தோலாகப் படியும். ஒரு கட்டத்தில் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கரைசலை வெளியே கொட்டிவிட வேண்டும். முந்திக் கவிழ்த்தால் தோல் மெலிசு, எடுக்கும்போதே கிழியும். பிந்தினால் தடித்துப் போய்ச் சூளையில் வெடிக்கும். எந்த நிமிடம் கவிழ்ப்பது என்பதை அச்சின் வாய் ஓரத்தில் படிந்த தடிமனைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சின்ன வயதில் அந்தக் கொட்டகை வாசலில் நின்று, இப்போதா, இப்போதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நான் அவசரப்பட்டிருப்பேன்.

டோக்கனிலும் அப்படி ஒரு வாய் ஓரம் உண்டு. ஆயுள் இருக்கும்போதே போய்ப் புது டோக்கன் கேட்டால் அரசு தளம் புதுசு தராது. பழையதையே திருப்பிக் கொடுக்கும். கடைசி 10 நிமிடத்துக்குள், கட்டாயம் புதுசு வேண்டும் என்ற குறியோடு கேட்டால்தான் புதுசு. 15 நிமிடம் இருக்கும்போதே கேட்கும் ஸ்கிரிப்ட் ஜாக்கிரதையானது மாதிரி தெரியும். உண்மையில் அது பழைய டோக்கனை வாங்கிக்கொண்டு வந்து, அடுத்த பில்லுக்கு மறுபடி போய், மறுபடி பழையதையே வாங்கி, அந்த ஐந்து நிமிடமும் வாசலுக்கும் வீட்டுக்கும் வீணாக நடந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம்வரை பொறுக்கும் ஸ்கிரிப்ட்டோ, பில் போய்ச் சேருவதற்குள் டோக்கன் செத்துப்போகும் ஆபத்தில் நிற்கும். தம்பி வைத்திருப்பது 480 வினாடி. 8 நிமிடம். பத்துக்கு உள்ளேயும் இருக்கிறது, இணையம் மந்தமான நாளில் ஒரு பில் போய்த் திரும்பும் நேரத்தைவிட நன்றாக அதிகமாகவும் இருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எழுதியவன் கையைக் கண்டுகொண்டேன்.

இதைச் செய்ய வேறு வழியும் உண்டு. அதுதான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கிரான் என்று யூனிக்ஸில் 1970-களிலிருந்தே இருக்கும் ஓர் ஏவலாள். குறித்த நேரத்துக்கு ஒருதரம் போய் டோக்கன் வாங்கி வா என்று அதனிடம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த முறையில் ருசி இல்லை. மின்சாரம் போய் ஒரு முறை தவறினால் அதன் கணக்கு மொத்தமும் பிசகும். பில்லே இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் நடுராத்திரியும் அது கடமைக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். தம்பியின் ஸ்கிரிப்ட் யாராவது டோக்கன் வேண்டும் என்று வந்தால்தான் கண் விழிக்கிறது. கையில் இருப்பது போதுமா என்று பார்க்கிறது. போதும் என்றால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது. போதாவிட்டால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போகிறது.

கணக்கறையில் மூன்று கம்ப்யூட்டர்களில் பில் போடுகிறார்கள். மூவருக்கும் டோக்கன் இந்த ஒரே இடத்திலிருந்துதான். ஒரே நொடியில் மூன்று பேரும் வந்து, மூவருமே டோக்கன் தீரப்போவதைப் பார்த்தால்? மூவருமே வாசலுக்கு ஓடினால் ஒருவர் வாங்கியதை இன்னொருவர் செல்லாததாக்கிவிடுவார். அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. முதலில் பூட்டைப் பிடித்தவர் போகலாம், மற்றவர் வரிசையில் நிற்க வேண்டும். இதுவரை யாரும் எழுதிவிடுவார்கள். ஆனால் பூட்டு கைக்கு வந்ததும் தம்பியின் ஸ்கிரிப்ட் நேரே வாசலுக்குப் போகாமல், டோக்கன் ஃபைலை இன்னொரு முறை திறந்து பார்க்கிறது. சற்று முன் பார்த்த அதே சோதனை, ஒரு எழுத்து மாறாமல். முதல்முறை படித்தபோது மறதியில் இரண்டு தரம் எழுதிவிட்டான் என்று நினைத்து, அந்த வரியை எடுக்கக் கையை வைத்தேன். ஏதோ தோன்றி அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏன் தம்பி, ரெண்டு தடவை பார்க்குது?"

"அண்ணே, வரிசையில நின்ன நேரத்துல முன்னாடி இருந்தவன் புதுசு வாங்கி வெச்சிருப்பான்ல? நாம பார்த்தது நிக்கிறதுக்கு முன்னாடி. அப்ப பார்த்தது இப்பவும் உண்மைன்னு எப்படிண்ணே சொல்றது?"

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருந்த நேரத்தில் உலகம் மாறியிருக்கலாம் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டான்.

வாங்கி வந்த டோக்கனை ஃபைலில் எழுதும் முறையிலும் அந்தக் கை தெரிகிறது. பழைய ஃபைல் மேலேயே எழுதினால், எழுதிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் படித்துப் பாதி டோக்கனோடு போய்விடலாம். அதனால் பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுக்க எழுதி முடித்துவிட்டு, அதன் பெயரை மட்டும் கடைசியில் மாற்றுகிறான். பெயர் மாறுவது ஒரே இமைப்பில் நடப்பது. பழையது முழுசாக இருக்கும், அல்லது புதியது முழுசாக இருக்கும். டோக்கன், அமர்வுச் சாவி, முடியும் நேரம் மூன்றும் ஒரே ஃபைலில். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பயனில்லை என்பதால் அவற்றைப் பிரித்து வைக்கவில்லை. ஃபைலை உடையவரைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதி 600.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்பதில்தான் பல ஸ்கிரிப்ட்டுகளின் குணம் வெளியே வரும். அரசு சர்வர் பதில் சொல்லவில்லையா, ஒரு வினாடி பொறுத்து, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய்க் கேட்கிறது. மாதக் கடைசியில் நாடு முழுக்க எத்தனையோ பேர் அதே வாசலில் நிற்பார்கள். எல்லோரும் நொடிக்கு நொடி தட்டினால் கதவு திறக்கவே திறக்காது. ஆனால் பாஸ்வேர்டு தப்பு என்று பதில் வந்தால், இந்த ஸ்கிரிப்ட் ஒரு தரம்கூடத் திரும்பக் கேட்பதில்லை. அங்கேயே நின்று, மனிதரைக் கூப்பிடுகிறது. தப்பான பாஸ்வேர்டைப் பத்து முறை சொன்னால் சரியாகிவிடாது, கணக்குதான் முடங்கும். 1005 என்ற பிழை எண் வந்தால் டோக்கன் செல்லவில்லை என்று பொருள். அப்போது ஒரே ஒரு முறை கட்டாயப் புதுப்பிப்பு கேட்கிறது. அதுவும் ஆகாவிட்டால் நின்றுவிடுகிறது. பொறுக்க வேண்டியது எது, நின்றுவிட வேண்டியது எது என்ற பாகுபாடு நான்கே வரிகளில் அடங்கியிருக்கிறது.

1005-ஐ நான் மறக்க மாட்டேன். சில வருடங்களுக்கு முன் இதே வேலைக்கு வேறோர் இடத்தில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. வாடகை சர்வர் ஒன்றில் ஓடியது. காலை 10 மணிக்கு வாங்கிய டோக்கனுக்கு மாலை 4 மணி என்று முடிவு நேரம் வந்தது. அது இந்திய நேரம். ஆனால் எந்த ஊர் நேரம் என்று அதில் எழுதியிருக்காது. வாடகை சர்வரின் கடிகாரமோ கிரீன்விச் நேரத்தில் இருந்தது. இங்கே 4 மணி அடிக்கும்போது அங்கே காலை 10.30. இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது என்று என் ஸ்கிரிப்ட் நிம்மதியாகச் செத்த டோக்கனைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாலை 4 முதல் இரவு 9.30 வரை ஒரு பில்லும் போகவில்லை. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நின்றது. டிரைவர் இரண்டு முறை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தானே ஓடியது என்று நான் தேடக் கூடாத இடமெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

தம்பியின் ஸ்கிரிப்ட்டில் முடிவு நேரத்தைப் படிக்கும் இடத்தில், கூட்டல் 5.30 என்று இந்திய நேரத்தை ஒட்டவைக்கும் ஒரு சின்னச் சேர்க்கை இருக்கிறது. அதைப் பார்த்ததும் அந்த லாரி நினைவுக்கு வந்தது. இவனும் எங்கோ ஒரு மாலை நேரத்தில் அடிபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிறவியிலேயே ஜாக்கிரதைக்காரன்.

இந்த இடத்தில் உலக வழக்கை ஒப்பிடத் தோன்றுகிறது. 2012 அக்டோபரில் வெளியான ஓஆத் 2.0 விதிமுறையில் டோக்கனோடு முடிவு நேரத்தைச் சொல்வதில்லை. இன்னும் எத்தனை வினாடி உயிரோடிருக்கும் என்று சொல்கிறார்கள். 3600 என்று வந்தால் ஒரு மணி நேரம், எந்த ஊர்க் கடிகாரமாக இருந்தாலும். எனக்கு அந்த வழக்குதான் பிடிக்கும். நேரம் என்பதைக் கடிகார முகமாகக் கொடுக்காமல் கால அளவாகக் கொடுத்தால், வாங்குகிறவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஏமாற மாட்டான். நம் அரசு ஏபிஐ மற்றபடி கட்டுக்கோப்பானது. இந்த ஒன்றை மாற்றினால் எத்தனையோ பேருக்கு ஒரு மாலைப்பொழுது மிஞ்சும்.

சுந்தரரின் மச்சத்துக்கு வருகிறேன். 64 எழுத்து எண் அரசு தளத்திலிருந்து வருகிறது என்றேன். அந்த எண் தற்செயலாகப் பிறப்பதில்லை. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கையும் கோத்து, ஷா-256 என்ற கணக்கில் போட்டால் வருவது. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. நாமே போட்டுப் பார்க்கலாம். பில் அனுப்பும் புரோகிராமில் தம்பி அதைத்தான் செய்திருக்கிறான். பில் கிளம்பும் முன் அந்த எண்ணைக் கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொள்கிறான். திரும்பி வந்த எண்ணோடு ஒத்துப் பார்க்கிறான். நடுவில் இணையம் அறுந்து, பில் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல் போனாலும் கவலையில்லை. திரும்ப அனுப்பினால், ஏற்கெனவே இருக்கிறது என்று 2150-ஆம் பிழை வரும். கையிலிருக்கும் எண்ணைச் சொல்லி விவரத்தை வாங்கிக்கொள்ளலாம். அவனுக்கு மச்சக் கதை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஊர்ப் பையன்தானே.

ரகசியங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட்டுக்குள் இல்லை. கட்டளையோடு சேர்த்துக் கொடுப்பதுமில்லை. அப்படிக் கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் வேலைகளின் பட்டியலைப் பார்க்கும் யாருக்கும் அது அப்படியே தெரியும். இது பலருக்குத் தெரியாது. தனி ஃபைலில் இருக்கிறது. அதனால்தான் இந்த நாற்பது வரிகளை நான் யாரிடமும் கூச்சமில்லாமல் காட்ட முடிகிறது.

இரவு கடை அடைக்கும்போது டோக்கன் ஃபைலை அழித்துவிடுகிறது ஸ்கிரிப்ட். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மணவாளநல்லூர் ஞாபகம் வரும். ஊருக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயில். திருட்டுப் போனாலும், வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் ஏமாற்றினாலும் முருகனிடம் மனு எழுதிக் கொடுப்பார்கள். பிராது கட்டுவது என்பார்கள். எழுதிய தாளை முனியப்பர் சன்னிதி வேலில் கட்டுவார்கள். மனுதாரரின் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி கட்டணம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று தீர்வுக்கு ஒரு கெடுவும் உண்டு. இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது, காரியம் முடிந்ததும் மறக்காமல் வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம். கேட்டதைக் கேட்டபடியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஓஆத் உலகத்தில் டோக்கனைத் திருப்பி ஒப்படைக்க ஒரு தனி விதிமுறையே 2013-இல் வந்தது. மணவாளநல்லூரில் அது எப்போதோ இருக்கிறது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். 480 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஏன் 480 என்று அவன் ஒரு குறிப்பும் எழுதவில்லை. அடுத்து வருகிறவன் ஒரு ஜாக்கிரதைக்கு 900 என்று மாற்றிவிட்டால் வீண் நடை தொடங்கிவிடும். நான் அந்த வரிக்கு மேல் தமிழில் எழுதி வைத்தேன்: பத்து நிமிடத்துக்கு முன் கேட்டால் பழையதே வரும், மாற்றாதே. இரண்டாவது பார்வை இருக்கும் வரிக்கு மேலும் எழுதினேன்: வரிசையில் நின்ற நேரத்தில் முன்னவர் வாங்கியிருக்கலாம். இந்த நாற்பது வரிகளில் என் பங்கு இந்த இரண்டு குறிப்புகள்தான்.

நேற்று நவராத்திரிச் சரக்கு கிளம்பிய நாள். லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். காலை 9.41, டோக்கன் பெறப்பட்டது. மாலை 3.34, டோக்கன் புதுப்பிக்கப்பட்டது. இடையில் ஒன்றும் இல்லை. மூன்று கம்ப்யூட்டர்களிலும் நாளெல்லாம் பில் ஓடியிருக்கிறது. வாசலில் கொலு பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் தாள் அச்சாகித் தயாராக இருந்தது. வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.